மறு: டைரக்ட் டெவலப்மென்ட் – தவளைகளுக்கு எந்தச் சொல்?

> 'நேரடி வளர்ச்சி' போதுமே, புதிதாக எதற்கு மெனக்கெட வேண்டும்?

வணக்கம்.

முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளையே வெளிவருவதை ஆங்கிலத்தில் 'டைரக்ட் டெவலப்மென்ட்' என்கிறார்கள்; அதற்குத் தமிழில் 'நேரடி வளர்ச்சி' போதாது என்றே நினைக்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகள் குளத்திலோ ஓடையிலோ முட்டையிடுவதில்லை. தலைப்பிரட்டைப் பருவம் முட்டைக்குள்ளேயே கழிந்துவிடும். பொரிந்தால் குட்டித் தவளைதான் வெளியே வரும். 'நேரடி' என்ற சொல்லில் எந்தப் பருவம் விடுபட்டது என்பதற்குத் துப்பே இல்லை. வனத்துக்கு மேலாண்மைத் திட்டம் எழுதுகிறவருக்கு அதுதானே முக்கியம்? தவளை என்றதும் குளம் வெட்டு, தடுப்பணை கட்டு என்று எழுதத்தான் கை போகும். இவற்றுக்கு வேண்டியதோ நிழல், புதர், காயாத சருகு.

தமிழகத்தின் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் உள்ள வெண்புள்ளிப் புதர்த்தவளை இன்னும் ஒரு படி மேல். மூங்கில் தண்டிலுள்ள சிறு துளை வழியே நுழைந்து, உள்ளே வெற்றிடத்தில் முட்டையிடுகிறது. ஆண் காவல் இருக்கிறது. 2014-இல் ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். அங்கே குளத்தைக் காத்து என்ன பயன்? எந்த மாதத்தில் மூங்கில் வெட்டலாம் என்பதையல்லவா முறைப்படுத்த வேண்டும்!

இழையில் முன்பு வந்த 'நேர்பொரிப்பு' சுருக்கமாக இருக்கிறது. ஆனால் தவளைக்கால் விற்கும் ஹோட்டல் பட்டியலில் பார்த்தது போல் ஒரு நெருடல்.

என் பரிந்துரை: முட்டையுள் உருமாற்றம். தவளையைச் சொல்லும்போது 'முட்டையுள் உருமாறும் தவளை'. நீளம்தான், ஆனால் விளக்கக் குறிப்பு தேவைப்படாது.

---

வணக்கம்.

'முட்டையுள் உருமாற்றம்' என்பதற்கு இலங்கையிலிருந்து என் ஆதரவு. இங்கு பாடநூல்களில் நாங்கள் வாற்பேத்தை என்போம், நீங்கள் தலைப்பிரட்டை என்கிறீர்கள். இரண்டையும் தொடாத சொல் என்பதால் இரு கரைக்கும் பொருந்தும். எங்கள் புதர்த்தவளைகளும் இப்படித்தான்: பல இனங்களில் பெண் மண்ணில் குழி பறித்து முட்டையிடும், சில இலையில் இடும். சிங்கராஜக் காட்டில் தரைச் சருகைக் கிளறினாலே கேடுதான்.

ஆனால் எதிர்ச்சொல் ஒன்றும் தேவை. உங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் 2003-இல் விவரிக்கப்பட்ட ஊதாத்தவளையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாற்பேத்தைகள் உறிஞ்சும் வாயால் ஓடைப்பாறையில் ஒட்டிக்கொண்டு வேகநீரில் வளர்கின்றன. அங்கே தடுப்பணை கட்டினால் நீரின் வேகமே போய்விடும். ஒரே மலை, ஒரே திட்டம், இரண்டு விதமான காப்பு. 'நீர்ப்பருவத் தவளை' என்று வைக்கலாமா?