தண்ணிக்கு ரெண்டு எனர்ஜி வருது. எந்த மென்பொருள்ல ஆரம்பிக்கிறது?

மீன்கொத்தி:
எம்.எஸ்சி. வேதியியல் கடைசி வருஷம். ப்ராஜெக்ட்டுக்கு டிஎஃப்டி (எலக்ட்ரான் அடர்த்தியை வச்சு மூலக்கூறோட எனர்ஜி கண்டுபிடிக்கிற முறை) கணக்கு செய்யணும். எங்க துறையில அதுக்கான காஸ்ஸியன் மென்பொருள் லைசன்ஸ் இல்லை. சீனியர் ஒருத்தர் ஓர்கான்னு இன்னொரு மென்பொருள் போட்டுக் கொடுத்தார். பழகிக்க முதல்ல தண்ணி மூலக்கூறு ஓட்டினேன். முறை பி3எல்ஒய்பி, பேஸிஸ் (ஆர்பிட்டால்களைக் கட்டுற ஃபங்ஷன் தொகுப்பு) 6-31ஜி*. கையில இருக்கிற ஒரு பழைய காஸ்ஸியன் அவுட்புட்ல எனர்ஜி −76.409 ஹார்ட்ரீ (இந்தக் கணக்குகள்ல எனர்ஜி அலகு). எனக்கு −76.37 சொச்சம். ரெண்டுமே ஆப்டிமைஸ் ஆன ஜியாமெட்ரிதான். ஓர்காவை விட்டுட்டு வேற எதுக்காவது மாறவா? 8 ஜிபி லேப்டாப், விண்டோஸ்.

பழையகுடுவை:
மாறாதீங்க தம்பி. நான் இருபது வருஷமா காஸ்ஸியன்ல குப்பை கொட்டினவன். 1970-ல ஜான் போப்பிள் குழு முதல் பதிப்பை வெளியிட்டதுல இருந்து வந்த பரம்பரை அது, மரியாதை உண்டு. இன்புட் முடிவுல ஒரு காலி வரி விட மறந்தா ஜாப் படுத்துக்கும், அந்த மாதிரி விநோதமும் உண்டு. ஆனா லைசன்ஸ் இல்லாத இடத்துல அதைப் பத்திப் பேசி என்ன பண்றது? ஓர்கா ஃப்ராங்க் நீசே குழுவோடது, ஜெர்மனியில ம்யூல்ஹைம் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம். கல்விக்கு இலவசம், பதிவு பண்ணினா போதும். ஆச்சரியக்குறி போட்டு ஒரே வரியில முறை, பேஸிஸ், ஆப்ட் (வடிவத்தைச் சீராக்க), ஃப்ரீக் (அதிர்வெண்ணுக்கு). அதுக்குக் கீழே ஆயத்தொலைவுகள். அவ்வளவுதான் இன்புட். இதைவிட எளிசா எதுவும் கிடையாது.

நூல்கண்டு:
சார், தம்பி கேட்டது ஏன் ரெண்டு விடைன்னு. நீங்க "மாறாதே"ன்னு சொல்லிட்டு நகர்ந்துட்டீங்க.

மீன்கொத்தி, உங்க கணக்கு தப்பில்லை. பி3எல்ஒய்பி-க்குள்ள ஒரு லோக்கல் கோரிலேஷன் துண்டு (எலக்ட்ரான்கள் ஒண்ணையொண்ணு தவிர்க்கிறதைக் கணக்கெடுக்கிற பகுதி) இருக்கு. அது 1980-ல வோஸ்கோ, வில்க், நுசைர் கொடுத்த சூத்திரம். அந்தக் கட்டுரையிலேயே பல வடிவம் இருக்கு. காஸ்ஸியன் மூணாவதை எடுத்துக்கிச்சு, ஓர்கா அஞ்சாவதை. பேர் மட்டும் ஒண்ணு. உங்க வித்தியாசம் 0.03 ஹார்ட்ரீக்கு மேல, அதாவது 20 கிலோகலோரியைத் தாண்டுது! ஓர்காவுல "பி3எல்ஒய்பி/ஜி"ன்னு போடுங்க, கிட்ட வரும்.

இதுக்குத்தான் நான் எப்பவும் சொல்றது: ஆரம்பம் பைஎஸ்சிஎஃப் இல்லைன்னா சை4-ல இருக்கணும். ரெண்டும் திறந்த மூலம். பைத்தான் வழியா ஓட்டலாம், உள்ளே என்ன இருக்குன்னு பிரிச்சுப் பார்க்கலாம். ஓர்கா இலவசம்தான், ஆனா மூலக்கோடு நம்ம கைக்கு வராது.

பழையகுடுவை:
மேடம், பைஎஸ்சிஎஃப் முன்னாடி அஞ்சாவது வடிவத்தை வச்சிருந்து, 2.3 பதிப்புல காஸ்ஸியன் வழிக்கு மாத்திக்கிட்டதே, அது மட்டும் பரவாயில்லையா? போன வருஷ ஸ்கிரிப்டை இந்த வருஷம் ஓட்டினா வேற எண் வரும். உங்க ஆளும் அப்படித்தான்.

நூல்கண்டு:
ஆமா, மாத்தினாங்க. மாத்தினதை எழுதியும் வச்சாங்க, கோடுலயும் தெரியுது. நீங்களே இங்க எடுத்துச் சொல்ல முடிஞ்சது அதனாலதானே?

பழையகுடுவை:
சரி, அது உங்களுக்கு. ஆனா இவருக்கு இருக்கிறது நாலு மாசம். அதுல பைத்தான், லினக்ஸ், ஹார்ட்ரீ-ஃபாக் சுழற்சி எல்லாம் படிச்சிட்டு எப்ப ப்ராஜெக்ட் முடிக்கிறது? பைஎஸ்சிஎஃப் விண்டோஸ்ல நேரா ஓடாது, டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ள லினக்ஸ்) போடணும், அதுவே ஒரு வாரத்தைத் தின்னும். சோறு வடிக்கிறவன் நாத்து நடணுமா?

நூல்கண்டு:
நட வேண்டாம். அரிசியில கல் இருக்கான்னு பார்க்கத் தெரியணும். போன வருஷம் ஒரு பொண்ணு ஆக்ஸிஜன் வினை ஒண்ணு கணக்குப் போட்டுட்டு வந்தா. எல்லா மூலக்கூறுக்கும் சார்ஜ் 0, மல்டிப்ளிசிட்டி (இணையாத எலக்ட்ரான் எண்ணிக்கையோட ஒண்ணு கூட்டினது) 1. ஆக்ஸிஜனுக்கும்தான்! அது ட்ரிப்ளெட், 3 போட்டிருக்கணும். 1 போட்டா அசல்லயே 22 கிலோகலோரி மேல இருக்கிற நிலை, அதையும் பி3எல்ஒய்பி இன்னும் மேல தூக்கிக் காட்டும். மென்பொருள் ஒரு வார்த்தை முணுமுணுக்கலை. அழகா கன்வெர்ஜ் ஆயிடுச்சு, அதாவது ஒரு விடையில நிலைச்சிடுச்சு. இதான் கருப்புப்பெட்டியோட லட்சணம்.

பழையகுடுவை:
இல்லவே இல்லை. அதே தப்பான நிலையை பைஎஸ்சிஎஃப்-ல கொடுத்தாலும் அப்படியேதான் கன்வெர்ஜ் ஆகும். அந்தப் பொண்ணுக்கு வராதது பைத்தான் இல்லை, இளங்கலை மூலக்கூறு ஆர்பிட்டால் படம். மூலக்கோடைப் பத்து தடவை படிச்சாலும் ஆக்ஸிஜன்ல இணையாத ரெண்டு எலக்ட்ரான் இருக்குன்னு அது சொல்லாது.

நூல்கண்டு:
ம். இது ஒத்துக்கறேன். உதாரணம் சரியில்லை.

சுண்ணாம்பு:
ரெண்டு பேரும் மென்பொருளுக்காக அடிச்சுக்கறீங்க. பி3எல்ஒய்பி/6-31ஜி* இன்னும் எதுக்கு? 2012-லயே க்ரிம்மே குழு கட்டுரை போட்டு, டிஸ்பெர்ஷன் (தள்ளி இருக்கிற அணுக்களுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பு) இல்லை, சின்ன பேஸிஸ்ல பிழை தற்செயலா கழிஞ்சு போய் நல்ல விடை மாதிரி காட்டுதுன்னு சொல்லிட்டாங்க. எக்ஸ்டிபி-ல (வேகமான தோராயக் கணக்கு நிரல்) முதல் ஜியாமெட்ரி, அப்புறம் ஓர்காவுல ஆர்2ஸ்கேன்-3சி முறை. 8 ஜிபி-லயும் ஓடும்.

பழையகுடுவை:
உண்மைதான். ஆனா வைவாவுல பழைய கட்டுரையோட ஒப்பிட்டுக் காட்டுன்னு கேட்கிறவர் இருப்பார். ரெண்டையும் ஓட்டச் சொல்லுங்க.

தம்பி, 8 ஜிபி-ன்னதும் ஞாபகம் வந்தது. ஓர்காவுல மேக்ஸ்கோர் (நினைவக அளவு, எம்.பி.-ல) எண் ஒரு கோருக்கானது, மொத்தத்துக்கு இல்லை. நாலு கோர் வச்சு 4000 போட்டா 16 ஜிபி கேட்கும், லேப்டாப் கல்லாயிடும். 1000-ல வையுங்க. பல கோர்ல ஓட்டும்போது ஓர்காவை முழுப் பாதையோட கூப்பிடணும், வெறும் பேர் போட்டா ஓடாது.

மீன்கொத்தி:
நன்றி சார், நன்றி அக்கா. "/ஜி" போட்டேன், பெரிய வித்தியாசம் போயிடுச்சு. ஆனா மூணாவது தசமத்துல இன்னும் இடிக்குது. ரெண்டு அவுட்புட்டையும் வரிவரியா பார்த்தேன். பேஸிஸ் ஃபங்ஷன் எண்ணிக்கை அதுல 19, என்னுதுல 18. ஒண்ணு எங்க போச்சு?

பழையகுடுவை:
அட, நல்ல கண்ணு. 6-31ஜி*-க்கு காஸ்ஸியன் ஆறு டி ஃபங்ஷன் எடுக்கும், ஓர்கா அஞ்சுதான். அந்த ஆறாவது, எக்ஸ், ஒய், இஸட் மூணோட ஸ்கொயரையும் கூட்டினது. பேர்தான் டி, வடிவம் எஸ்.

நூல்கண்டு:
கோடு பார்க்காமலே பிடிச்சுட்டீங்களே சார்.

பழையகுடுவை:
எண்ணினேன். ஆக்ஸிஜனுக்கு 9, கூட ஆறு. ஹைட்ரஜனுக்கு ரெண்டு ரெண்டு. 19.

நூல்கண்டு:
மீன்கொத்தி, பைஎஸ்சிஎஃப்-ல "கார்ட்"டை (ஆறு டி எடுக்கச் சொல்ற அமைப்பு) ட்ரூ ஆக்கி ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. புதுப் பதிப்பா இருக்கணும்.

மீன்கொத்தி:
டபிள்யூஎஸ்எல் போட ரெண்டு நாள் ஆச்சு, ஒரு வாரம் இல்லை சார் :) ஓர்கா கொடுத்த ஜியாமெட்ரியை அப்படியே வச்சேன். 19 ஃபங்ஷன், −76.409. ப்ராஜெக்ட் ஓர்காவுலயே செய்யறேன், சந்தேகம் வந்தா இதுல சரிபார்த்துக்கறேன். இன்னொண்ணு, ப்ராஜெக்ட் மூலக்கூறுக்கு ஃப்ரீக்வென்சி ஓட்டினா முதல் அதிர்வெண் −38-ன்னு வருது. மைனஸ் வந்தா வடிவம் இன்னும் எனர்ஜி பள்ளத்துக்கு வரலைன்னுதானே அர்த்தம்?

பழையகுடுவை:
மெத்தில் ஏதாவது சுழலுதான்னு அசைவைப் படமா பாருங்க. பார்த்துட்டு புது இழை திறங்க.