1:24 வில்லிஸ் கிட்டை அப்பாவின் எஸ்டேட் ஜீப்பாக மாற்றுகிறேன்: கிரில், பானெட், மட்கார்டு கையால் செய்ய வழி சொல்லுங்கள்

குலசேகரம்_ஜீப்:

எல்லோருக்கும் வணக்கம். என் அப்பா குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் 20 வருடத்துக்கு மேல் ஜீப் ஓட்டினார். காலையில் பால்வெட்டு முடிந்ததும் ரப்பர் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு போவார், மத்தியானம் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பால் (சிரட்டையில் உறைந்து ஒட்டிய ரப்பர்) மூட்டையும், ராத்திரியில் யாருக்காவது பிரசவ வலி என்றால் அதே ஜீப்தான் ஆஸ்பத்திரிக்கும் போகும். வரும் சித்திரையில் அவருக்கு 70 முடிகிறது. அதற்குள் அந்த ஜீப்பை அப்படியே சின்னதாகச் செய்து அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று இறங்கிவிட்டேன்.

கையில் இருப்பது இத்தாலெரி கம்பெனியின் 1:24 வில்லிஸ் எம்பி கிட், அதாவது நிஜத்தில் 24-ல் ஒரு பங்கு அளவில் ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் மாடல். போர்க்கால ஜீப். அப்பா ஓட்டியது நீளமான மகிந்திரா. வண்டி இன்னும் ஒரு கொட்டகையில் நிற்கிறது, டேப்போடு போய் அளந்தேன். முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை 91 அங்குலம். வில்லிஸுக்கு 80. அப்படியென்றால் 11 அங்குலம் கூட்ட வேண்டும், 1:24-ல் 11.6 மில்லிமீட்டர். இதுவரை கணக்கு சரியாகத்தான் வருகிறது.

வேலைதான் வரவில்லை. கிரில்லை மூன்று தடவை வெட்டினேன், மூன்றிலும் ஏதாவது ஒரு துளை மற்றதைவிட அகலமாகிவிடுகிறது, நான்கடி தள்ளி நின்று பார்த்தாலே தெரிகிறது. பானெட் உயரம் கூட வேண்டும். போர்டு செய்கிற ஒரு கடையில் வெள்ளை பிளாஸ்டிக் ஷீட் வாங்கினேன், அது தமியா பசையில் (மாடல் ஒட்டுகிற பசை) ஒட்டவே மாட்டேன் என்கிறது, ராத்திரி ஒட்டி வைத்தால் காலையில் தனியாகக் கிடக்கிறது. செய்த மட்கார்டு தகடு மாதிரி இல்லாமல் பலகை மாதிரி இருக்கிறது. அப்புறம் இடது மட்கார்டில் ஒரு நசுங்கல் உண்டு, பேச்சிப்பாறை ரோட்டில் ஒரு வளைவில் கலுங்குச் சுவரில் இடித்தது. அது இல்லாவிட்டால் அது அப்பா வண்டியே இல்லை. அதை எப்படிக் கொண்டுவருவது?

மார்த்தாண்டம்_டிங்கர்:

தம்பி, நான் 30 வருடமாக நிஜ ஜீப்புக்கு டிங்கரிங் செய்கிறவன், சின்ன வண்டி ஐந்தாறு வருடமாகத்தான். வெட்ட ஆரம்பிக்கும் முன்னால் எதெல்லாம் மாறும் என்று முழுதாகப் பார்த்துவிடுங்கள், நீளம் மட்டுமில்லை.

முதலில் ஸ்டியரிங். வில்லிஸ் கிட் இடது கை ஓட்டு. நமக்கு வலது. ஸ்டியரிங் தண்டு, பெடல், டேஷ்போர்டில் அதற்கான ஓட்டை, சேசிஸில் ஸ்டியரிங் பாக்ஸ், எல்லாவற்றையும் பக்கம் மாற்ற வேண்டும். பாடியை ஒட்டிவிட்டு இது ஞாபகம் வந்தால் உள்ளே கை போகாது. முன் கண்ணாடி வில்லிஸில் இரண்டு துண்டு, நம்முடையதில் ஒரே துண்டு. கிரில் துளை போர் ஜீப்பில் 9, சிவில் ஜீப்பில் 7. போர் ஜீப்பில் ஹெட்லைட் கிரில்லுக்குப் பின்னால் உள்ளே பதுங்கி இருக்கும், இதில் பெரிதாக வெளியே தெரியும். பின்னால் போர் ஜீப்புக்குத் திறக்கிற கதவு கிடையாது, நமக்கு உண்டு. ஸ்டெப்னி எங்கே மாட்டியிருக்கிறது, டேங்க் மூடி எந்தப் பக்கம் என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் பழைய ஜீப் பாடியை எத்தனையோ பட்டறையில் மாற்றிக் கட்டியிருப்பார்கள், ஒன்று போல இன்னொன்று இருக்காது. புத்தகத்தில் இருக்கிற வரைபடத்தைவிட உங்கள் டேப்பை நம்புங்கள்.

பானெட் ஏன் உயரம் என்று தெரிந்தால் செய்வது சுலபம். மகிந்திரா 1947-ல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டித்தர ஆரம்பித்தது, ஆனால் நாம் பார்த்து வளர்ந்த முகம் 1953-ல் வந்த சிஜே 3பி என்ற வில்லிஸ் ஜீப்பினுடையது. அதில் போட்ட புது இன்ஜினில் காற்று உள்ளே வரும் வால்வு சிலிண்டருக்கு மேலே, இன்ஜின் தலைக்கு ஏறிவிட்டது, இன்ஜின் உயர்ந்தது, அதற்காக பானெட்டையும் கிரில்லையும் தூக்கினார்கள். மட்கார்டை அப்படியே விட்டார்கள். அதனால் நீங்களும் கிட்டின் மட்கார்டு உயரத்தைத் தொடாதீர்கள். கிரில், பானெட் பக்கத் தகடு, ஃபயர்வால் (இன்ஜினுக்கும் டிரைவருக்கும் நடுவில் நிற்கிற தகடு) மூன்றையும் மட்டும் ஒரே அளவில் உயர்த்துங்கள்.

நீளத்துக்கு வருகிறேன். சேசிஸை வெட்டி நடுவில் துண்டு வைக்கும்போது இரண்டு பக்கச் சட்டத்தையும் ஒரே இடத்தில் வெட்டாதீர்கள், இடதை ஓரிடத்தில், வலதை ஒரு சென்டிமீட்டர் தள்ளி. இரண்டு ஒட்டும் நேருக்கு நேர் வந்தால் நாளைக்கு அங்கேதான் வளையும். பின் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் சுழல் தண்டு) நீளும், முன்னது நீளாது, கியர்பாக்ஸ் இன்ஜினோடுதானே நிற்கிறது. பாடியின் பக்கத் தகட்டை மட்டும் தயவுசெய்து வெட்டிச் சேர்க்காதீர்கள். புதிதாக ஒரே துண்டில் வெட்டுங்கள். பட்டி பார்த்து எவ்வளவு தேய்த்தாலும், ஆறு மாதம் கழித்துப் பட்டி சுருங்கி பெயிண்டுக்கு அடியில் அந்தக் கோடு எழும்பி வரும். நிஜ வண்டியிலும் அப்படித்தான், சின்ன வண்டியிலும் அப்படித்தான்.

இன்னொன்று. 1:24 என்றால் நிஜத்தில் ஒரு அடி, மாடலில் சரியாக அரை அங்குலம். தச்சு டேப் இருந்தால் மனசுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளலாம்.

வடசேரிப்பட்டறை:

எங்கள் குடும்பத் தொழில் கோயில் நகை, கெம்புக்கல் பதிக்கிற வேலை. அதனால் கிரில் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் அந்த ஷீட்டைத் தூக்கி ஓரமாக வையுங்கள். அது பெரும்பாலும் பிவிசி நுரைப் பலகை. தமியா பசை ஒட்டுவது ஸ்டைரீனை, அதாவது கிட் செய்திருக்கிற பிளாஸ்டிக்கை, அதைக் கரைத்து ஒன்றோடொன்று சேர்த்துவிடும், பிவிசியை அது அப்படிக் கரைக்காது. ஒரு மூலையில் ஒரு சொட்டுப் பசை விட்டு பத்து விநாடி கழித்து குச்சியால் தொட்டுப் பாருங்கள், நூல் மாதிரி இழுபட்டு வந்தால் ஸ்டைரீன். கடையில் கேட்கும்போது ஹிப்ஸ் ஷீட் என்று கேளுங்கள், அதுதான் ஸ்டைரீன் ஷீட், 0.25, 0.5, 1 மில்லி மூன்றும் போதும். கிட்டின் பாகங்கள் மாட்டியிருக்கிற சட்டத்தை எறியாதீர்கள், பொடியாக நறுக்கிப் பசையில் ஊறப்போட்டால் கூழாகிவிடும், இடுக்கு அடைக்க அதைவிட நல்லது இல்லை.

கிரில்: நீங்கள் கத்தியால் துளையின் நான்கு பக்கத்தையும் வெட்டுகிறீர்கள், அதுதான் தப்பு. கல் பதிக்க வீடு, அதாவது கல் உட்காரும் குழி, எடுக்கிற மாதிரி எடுங்கள். 0.5 மில்லி ஷீட்டில் 7 நடுக்கோடு போடுங்கள், ஓரக்கோடு வேண்டாம். ஒவ்வொரு கோட்டின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் ஊசியால் ஒரு புள்ளி குத்தி, கையால் சுற்றுகிற சின்ன ட்ரில்லில் துளை போடுங்கள், மொத்தம் 14. அந்தத் துளையின் அகலம்தான் உங்கள் கிரில் துளையின் அகலம், வளைந்த முனையும் தானாக வந்துவிடும். பிறகு இரண்டு துளைக்கும் நடுவில் இருப்பதை உள்ளுக்குள்ளாகவே வெட்டி எடுங்கள், ஓரத்தைத் தொடாமல். மிச்சத்தை அரம்தான் எடுக்க வேண்டும். அரத்தின் ஒரு பக்கத்தைத் தீட்டுக்கல்லில் உரசி வழவழப்பாக்கிவிட்டால் அந்தப் பக்கம் வெட்டாது, ஒரு கம்பியைத் தேய்க்கும்போது பக்கத்துக் கம்பி தேயாமல் இருக்கும். ஒரே துளையை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். ஏழையும் ஒரு சுற்று, மறுபடி ஏழையும் ஒரு சுற்று. கண் அப்போதுதான் ஒப்பிட்டுக்கொண்டே வரும்.

மட்கார்டு பலகை மாதிரி இருப்பதற்கும் காரணம் எளிது. 0.5 மில்லி ஷீட்டை 24 மடங்கு பெருக்கினால் 12 மில்லி. எந்த ஜீப்பில் 12 மில்லி தகடு? முழுவதையும் மெலிதாக்க வேண்டியதில்லை, கண்ணுக்குத் தெரிவது விளிம்பு மட்டும்தான். உட்பக்கத்திலிருந்து சாய்வாகச் சுரண்டி, விளிம்பு வெளிச்சத்தில் பிடித்தால் லேசாக ஒளி கடக்கிற அளவுக்கு எடுங்கள். என்னைக் கேட்டால் இந்த ஜீப்பில் உங்கள் நேரத்தில் பாதி விளிம்புக்குத்தான் போக வேண்டும், பெயிண்டும் மற்ற பாகமும் அதற்கு அடுத்ததுதான்.

ஹெட்லைட் 7 அங்குலம், மாடலில் 7.4 மில்லி. மாத்திரை அட்டையின் குமிழ்களை அளந்து பாருங்கள், ஏதாவது ஒன்று பொருந்தும். உள்ளே அதே அட்டையின் வெள்ளித்தாள்.

குலசேகரம்_ஜீப்:

அண்ணன்மாரே, ரொம்ப நன்றி. ஸ்டியரிங் பக்கம் மாற வேண்டும் என்பதை நான் யோசிக்கவே இல்லை, டேஷ்போர்டை இன்னும் ஒட்டாதது நல்லதாகப் போயிற்று. பசைச் சொட்டு வைத்துப் பார்த்தேன், நூல் வரவில்லை, பிவிசிதான்.

இன்னொரு சந்தேகம். பின்னால் வைக்க பால் கேன் எட்டு வேண்டும். ஒன்றைச் செய்து அச்செடுக்கலாம் என்று பார்த்தால் சிலிகான் விலை கூடுதல். வீட்டைச் சுற்றி ரப்பர் மரம்தான், பாலை வைத்தே அச்சு எடுக்கலாமா? கேனின் மாதிரியில் கைப்பிடிக்குச் செப்புக் கம்பி போட்டிருக்கிறேன்.

கீரிப்பாறைக்காரன்:

எடுக்கலாம், நான் எடுத்திருக்கிறேன், ஆனால் சிரட்டையிலிருந்து நேராக எடுத்த பாலில் வேண்டாம். அதில் ரப்பர் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், மீதி தண்ணீர், சில மணி நேரத்தில் உறைந்தும் போகும், காய்ந்தாலும் பிசுபிசுப்பு போகாது, இழுத்தால் கிழியும். அம்மோனியா சேர்த்து 60 சதவீதத்துக்குக் கடைந்த பால் கிடைக்கும், அதிலும் அச்சுக்கென்று முன்கூட்டியே வல்கனைஸ் செய்தது (கந்தகம் சேர்த்து உறுதியாக்கியது) கிடைத்தால் அதை வாங்குங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அம்மோனியா கண்ணை எரிக்கும்.

செப்புக் கம்பியை இப்போதே கழற்றிவிடுங்கள். செம்பு ரப்பருக்கு விஷம். செம்பு பட்ட இடத்தில் ரப்பர் சீக்கிரம் கெட்டு, கொழகொழவென்று ஆகிவிடும், ஷீட் அடிக்கிற இடத்தில் செப்புப் பாத்திரத்தை அண்ட விடமாட்டார்களே, அதே காரணம்தான். பித்தளையும் வேண்டாம், அதிலும் செம்பு இருக்கிறது. கைப்பிடிக்கு ஸ்டைரீன் கம்பி போடுங்கள். மெழுகுவர்த்திச் சூட்டுக்கு மேலே கிட் சட்டத்தைக் காட்டி, இளகியதும் தள்ளி எடுத்து இழுத்தால் தலைமுடி அளவுக்குக்கூட இழுக்கலாம்.

பிரஷால் மெலிதாக ஒரு பூச்சு, வெள்ளை மாறித் தேன் நிறத்தில் கண்ணாடி போல ஆன பிறகுதான் அடுத்தது. முதல் பூச்சில் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது, ஊதி உடைத்துவிடுங்கள். எட்டிலிருந்து பத்துப் பூச்சு. நம் ஊரில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, ஈரமான நாளில் ஒரு பூச்சு காய ஒரு பகல் போய்விடும், அவசரப்பட்டு மேலே பூசினால் உள்ளே வெள்ளையாகவே நின்றுவிடும். மாதிரியைக் கழற்றும்போது அச்சின் மேல் கொஞ்சம் பவுடர் தூவிக்கொண்டு, சாக்ஸைக் கழற்றுகிற மாதிரி உருட்டி எடுங்கள். உள்ளே பிளாஸ்டர் ஊற்றினால் அருமையாக வரும், கேனுக்கு அது போதும்.

மிச்சமாகிற பாலைக் கண்ணாடியில் மெலிதாகத் தடவிக் காயவையுங்கள். 25-க்கு 19 மில்லி என்று வெட்டினால் ஜீப்பின் பின்னால் அடுக்க நிஜ ரப்பர் ஷீட்டே ஆயிற்று. ஒரு ஷீட் நிஜத்தில் 60-க்கு 45 சென்டிமீட்டர் வருமில்லையா.

மார்த்தாண்டம்_டிங்கர்:

தார்ப்பாய்க்கு ஒரு வார்த்தை. அதைத் தாங்கும் குழாய் ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல், மோட்டார் வைண்டிங் கடையில் 18 கேஜ் கம்பி கேளுங்கள், 1.2 மில்லி, அளவு அப்படியே. இங்கே செம்பு பரவாயில்லை, ரப்பர் படாது. மேலே டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்துப் போர்த்துங்கள், இரண்டு அடுக்கு. காயும் முன்னால் குழாய்க்கு நடுவே விரலால் லேசாகத் தாழ்த்துங்கள். மழைத் தண்ணீர் தேங்கித் தேங்கி எல்லா எஸ்டேட் ஜீப் தார்ப்பாயும் அப்படித்தான் தொங்கும்.

நசுங்கலைப் பிளாஸ்டிக்கில் செய்ய வேண்டாம், சூடு காட்டினால் மட்கார்டு முழுவதும் கோணிவிடும். அந்த இடது மட்கார்டை மட்டும் கூல்டிரிங்க்ஸ் டின் தகட்டில் செய்யுங்கள். அது சுமார் 0.1 மில்லி, பெருக்கினால் இரண்டரை மில்லிக்குள்தான் வரும், நிஜத் தகட்டுக்குக் கிட்டத்தட்ட பக்கத்தில். தகட்டை இடித்தால் தகடு மாதிரிதான் நசுங்கும், பார்த்து வரைய வேண்டியதே இல்லை. மாட்டும் முன்னால் ரப்பர் துண்டின் மேல் வைத்து, இடித்த மாதிரியே முன்னாலிருந்து பின்னால், ஒரே அழுத்து. தடவித் தடவி அழுத்தினால் குழி ஆகிவிடும், நசுங்கல் ஆகாது. ஒட்டுவதற்கு எபாக்ஸி, தமியா பசை டின்னில் பிடிக்காது.

குலசேகரம்_ஜீப்:

கிரில் நேற்று ராத்திரி முடிந்தது. 14 துளை, பிறகு அரம் மட்டும், ஏழையும் சுற்றிச் சுற்றி, மொத்தம் மூன்று மணி நேரம். அம்மாவிடம் காட்டினேன், துளைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, வலது ஓரத்தில் கீழே அப்பா ஒரு கம்பி கட்டி வைத்திருப்பாரே அது எங்கே என்று கேட்டார். எனக்கு ஞாபகமே இல்லை.

செப்புக் கைப்பிடியைக் கழற்றிவிட்டேன். டின் தகட்டில் நான்கு மட்கார்டு வெட்டி வைத்திருக்கிறேன், இரண்டைப் பழகுவதற்கு நசுக்கிப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கொட்டகைக்குப் போகிறேன், கொஞ்சம் களிமண் எடுத்துப் போய் அந்த நசுங்கலில் அப்பி அதன் வடிவத்தை எடுத்து வரப் போகிறேன், அந்தக் கம்பி இன்னும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். படம் போடுகிறேன்.