புதுப்பிப்பு: ஆற்று நீர்த்தேக்கத்தில் ஜிலேபி மீன் மட்டும் கடித்த விஷயம்

நாள் முழுக்கத் தூண்டில் போட்டு உட்கார்ந்தும் ஜிலேபி (திலாப்பியா) தவிர வேறு மீன் சிக்கவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, ‘மூழ்கிப்போன பழைய ஆற்றுத் தடத்தின் ஓரத்தில் போட்டுப் பாருங்கள்’ என்றது. படகிலிருந்து ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கி ஆழம் பார்த்தேன்: 3 மீட்டர், சட்டென்று 7. அந்த விளிம்பில் மண்புழுவுக்கு இரண்டு கெளுத்தி. மாவு உருண்டைக்குக் கெண்டை, அதுவும் மேட்டுப் பக்கம்தான். 12 மீட்டரில் போட்டது சுத்த வீண்; வெயில் காலத்தில் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிடும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

எதிர்பாராதது: மதகு திறந்து நீரோட்டம் வந்ததும் கெளுத்தி விடாமல் கடித்தது, மூடியதும் நின்றது. கெளுத்தியைத் தூண்டிலிலிருந்து கழற்றும்போது அதன் துடுப்பு முள் கட்டைவிரலில் ஏறிவிட்டது. இடுக்கி எடுத்துப் போங்கள்.