மூன்று வயதுப் பிள்ளையோடு அழகர்மலைக் காட்டில் நடக்கலாமா?

இரண்டு வால்களின் அப்பா:
மதுரை புதூரில் இருக்கிறோம். மகனுக்கு ஐந்தரை வயது, மகளுக்கு மூன்று. இரண்டு பேரும் காட்டை டிவியில் பார்த்ததோடு சரி. அழகர்கோயிலில் இருந்து பழமுதிர்சோலை வழியாக நூபுர கங்கை வரை நடத்தியே கூட்டிப் போகலாம் என்று ஆசை. வீட்டம்மாவோ பாம்பு, பூச்சி, வேண்டவே வேண்டாம் என்கிறாள். சின்னப் பிள்ளைகளோடு போனவர்கள் சொல்லுங்கள். எவ்வளவு தூரம் நடப்பார்கள்?

நத்தம் வாத்தியார்:
தம்பி, தூரத்தை முதலில் மறந்துவிடுங்கள். என் பேரனுக்கு நாலு வயதில், நூபுர கங்கையைத் தொட்டே தீருவது என்று இதே வழியில் இழுத்துக்கொண்டு போனேன். பாதியில் உட்கார்ந்துவிட்டான். மீதி என் தோளில். மேலே போய்ச் சேர்ந்தபோது அவன் நல்ல தூக்கம், எனக்கு இடுப்புப் பிடிப்பு.

அடுத்த தடவை எங்கேயும் போகவில்லை. ரோட்டோரம் ஒரு மரத்தடியில், மழை படாத புழுதியில், புனல் மாதிரி குழிகள். குழியானைப் பூச்சி! ஒரு துரும்பால் ஓரத்தைச் சுரண்டினால் போதும், எறும்புதான் விழுந்தது என்று நினைத்து அடியிலிருந்து மண்ணை வாரி எறியும். இதுதான் பின்னால் இறக்கை முளைத்துத் தட்டான் மாதிரிப் பறக்கும் என்றேன். அவன் நம்பவில்லை. முக்கால் மணி நேரம் அதே இடம். அன்று நடந்தது இருநூறு அடிகூட இருக்காது.

பாம்புக்குப் பயந்து போகாமல் இருக்க வேண்டாம். ஷூ போடுங்கள், பொந்திலும் கல்லிடுக்கிலும் கை விடக்கூடாது என்று சொல்லிவையுங்கள், வெயில் சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள். ரோட்டை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள். காப்புக்காடு, காட்டுமாடும் உண்டு. அதே ரோட்டில் வேன்களும் வரும், வளைவுகளில் பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

எனக்குப் பாம்பைவிடப் பயம் எட்டிப்பழம். ஆரஞ்சு நிறத்தில் உருண்டையாக, கடைப்பழம் மாதிரியே இருக்கும். கொட்டையில் கொடிய விஷம். ‘எட்டி பழுத்தென்ன’ என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. குன்றிமணியும் அப்படித்தான், பார்க்க அழகு, கடித்தால் ஆபத்து. என்னிடம் காட்டாமல் எதுவும் வாய்க்குப் போகக்கூடாது என்பது எங்கள் சட்டம். கோவைப்பழத்துக்குக்கூட.

வீட்டுக்கு வந்ததும் குளிக்க வைத்து, அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்த துணியை அப்படியே துவைக்கப் போட்டுவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போனதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது மாதிரி கருப்புப் பொருக்கு இருக்கும், சிலருக்கு அது தெரியாமலும் போகும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகிவிடும்.

மலையே வேண்டாம் என்றால் நத்தம் பக்கம் காசம்பட்டி வீரன் கோயில் காடு இருக்கிறது. 12 ஏக்கர்தான். சாமி காடு என்பதால் வெட்டாமல் விட்டுவைத்தது. 2025இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

வால்பாறை மருமகள்:
வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒன்று. அழகர்மலைக்குப் போகிறவர்கள் கையில் பாலித்தீன் பை தெரியும்படி வைத்திருக்காதீர்கள், குரங்கு விடாது. எங்கள் ஊர்ச் சோலைகளில் தொல்லை அட்டைதான். உப்பு முடிச்சை வைத்தால் விழுந்துவிடும். ரத்தம் உறையவிடாத ஒன்றை அது செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட வேண்டாம். போன தடவை அப்பாவுக்கு ஏழு, தனக்கு இரண்டுதான் என்று என் மகள் அழுதாள்.

இரண்டு வால்களின் அப்பா:
நன்றி ஐயா, நன்றிங்க அக்கா. ஞாயிற்றுக்கிழமை போய் வந்தோம். பழமுதிர்சோலை வரைகூடப் போகவில்லை. அழகர்கோயில் தோசை மூன்று வாங்கினேன், இரண்டைக் குரங்கு கொண்டுபோய்விட்டது. பாலித்தீன் பைதான் அக்கா, புத்தி வந்தது. மகன் ஒரு குழியானையைத் தீப்பெட்டியில் கொண்டுவந்துவிட்டான். கிண்ணத்தில் மணல் போட்டு விட்டிருக்கிறோம், குழியும் பறித்துவிட்டது. வேண்டவே வேண்டாம் என்ற அதே ஆள்தான் இப்போது அதற்குச் சமையலறையில் எறும்பு பிடித்துக்கொண்டிருக்கிறாள்.