சைக்கிள் பின் சக்கரக் கம்பி (ஸ்போக்) மறுபடியும் போய்விட்டது, அவசர உதவி

மழைக்கோட்டு, காலை 9.40
அவசரம். பின் சக்கரத்தில் கம்பி மறுபடியும் உடைந்துவிட்டது. சக்கரம் பாம்பு மாதிரி நெளிகிறது. தெற்குக் கோடி ஜொகூர் பாரு வரை போகத் திட்டம், ஒன்பது நாள் விடுப்பு, இன்றுதான் முதல் நாள். இப்படியே மெதுவாக ஓட்டிப் போகலாமா? தைப்பிங்கில் நல்ல கடை இருக்கிறதா? சீக்கிரம் சொல்லுங்கள், போனில் சார்ஜ் குறைவு.

செந்தூல்காரன், 9.46
முதலில் எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லுங்கள். மொத்தம் எத்தனை கம்பி? உடைந்தது கேசட் (பற்சக்கரம்) பக்கமா, இடப்பக்கமா? ‘மறுபடியும்’ என்றால் எத்தனையாவது?

நசிலெமாக்67, 9.49
டயரில் காற்று எவ்வளவு? கம்பி உடைவதெல்லாம் காற்றுக் கோளாறுதான். கல் மாதிரி அடித்துவிட்டுக் குழியில் இறக்கினால் அடி முழுக்கக் கம்பிக்குத்தான் போகும். 60 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள், சரியாகிவிடும்.

பழையசங்கிலி, 9.55
வந்தாச்சு, இந்த மாத அவசரம். 36 கம்பிச் சக்கரம் இல்லாமல் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புவது, நடுவழியில் நின்று எழுதுவது. கிளம்பும் முன் கம்பிகளை இரண்டிரண்டாக விரலால் அமுக்கிப் பார்த்தீர்களா தம்பி? பார்த்திருக்க மாட்டீர்கள். 15 வருடமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மழைக்கோட்டு, 10.02
தம்பி இல்லை, அக்கா. நிபோங் திபாலில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். 32 கம்பி, கேசட் பக்கம், மூன்றாவது தடவை. முதலாவது போன மாதம் பாலிக் பூலாவ் மலைச் சாலையில், இரண்டாவது போன ஞாயிறு. இரண்டு முறையும் வீட்டுப் பக்கத்துக் கடையில் ஒற்றைக் கம்பி போட்டுக் கொடுத்தார்கள். காற்று 65.

தோட்டத்துப்பிள்ளை, 10.05
அக்கா, பக்கத்தில் சுங்கை பாக்காப்பில் எங்கள் மாமா மோட்டார் கடை வைத்திருக்கிறார். ஸ்போக் கம்பி இருக்கும், கேட்டுச் சொல்லவா?

செந்தூல்காரன், 10.08
மோட்டார் கம்பி தடிமன் தம்பி, சைக்கிள் ஹப் (சக்கர மையம்) ஓட்டையில் நுழையாது. உங்கள் மனசுக்கு நன்றி. அக்கா, உடைந்த இடம் எது? ஹப்பில் மாட்டும் வளைவிலா, ரிம் பக்கத்து மரையிலா? பின்னால் எத்தனை கிலோ?

மழைக்கோட்டு, 10.11
வளைவில். மூன்றுமே வளைவில்தான். பின்னால் இரண்டு பை, கூடாரம், 18 கிலோ இருக்கும். முன்னால் ஒன்றுமில்லை.

பழையசங்கிலி, 10.13
18 கிலோ! வீட்டையே பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

இரட்டைப்பை, 10.24
18 கிலோ ஒன்றும் கொலைக்குற்றம் இல்லை. வளைவில் உடைகிறது என்றால் அது களைப்பு முறிவு. சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது, தரையைத் தொடும் கம்பி ஒருமுறை தளர்ந்து மறுபடி இறுகும். நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 47,000 தடவை. கம்பி போதுமான அளவு இறுக்கமாக இருந்தால் இதைத் தாங்கும். தளர்வாக இருந்தால்தான் வளைவில் ஆட்டம் கண்டு அறுந்து போகும். பலர் நேர் எதிராக நினைத்துக்கொண்டு, உடைகிறதே என்று இன்னும் தளர்த்துவார்கள். அதோடு ஒரு கம்பி போனதும் அதன் சுமையைப் பக்கத்துக் கம்பிகள் சுமந்தன. நீங்கள் புதிதாகப் போட்டது ஒன்று, கூட நிற்பவை எல்லாம் ஏற்கெனவே களைத்தவை. நாலாவதும் போகும். அந்தப் பக்கம் 16 கம்பியையும் மாற்றி, இழுவையைச் சமமாக வைக்க வேண்டும். வேறு வழியில்லை.

அதனால் தைப்பிங் வரை ஓட்டாதீர்கள். சக்கரம் கட்டத் தெரிந்த கை பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் இருக்கிறது. சைக்கிளைக் கடைக்காரரிடம் சொல்லி அங்கேயே விட்டுவிட்டு, பின் சக்கரத்தை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறுங்கள். முழுச் சைக்கிளை ஏற்றலாமா கூடாதா என்று நிலையத்தில் மல்லுக்கட்ட வேண்டாம், சக்கரம் வெறும் சாமான்தான். பட்டர்வொர்த்தில் இறங்கினால் பக்கத்திலேயே தீவுக்கு ஃபெரி. உடைந்த கம்பியையும் கையோடு கொண்டு போங்கள், நீளம் அளக்க வேண்டும். இடப்பக்கக் கம்பியின் நீளம் வேறு, அதைக் காட்டிவிடாதீர்கள்.

நசிலெமாக்67, 10.27
எதற்கும் காற்றை 60க்கு இறக்கிவிட்டுப் போங்கள்.

வேகமணி, 10.31
ஃபெரிக்குக் காத்துக்கொண்டு நேரம் போக்குவானேன்? நான் விடியற்காலை மூன்று மணிக்குப் பாலத்திலேயே மிதித்துப் போனவன். ஒருத்தரும் கேட்கவில்லை.

ஃபெரிப்பைத்தியம், 10.34
பினாங்குப் பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. 13.5 கிலோமீட்டர், நடுவில் ஒதுங்க இடமில்லை, குறுக்குக் காற்று வேறு. இதையெல்லாம் பொதுவில் எழுதி யாரையாவது சாகடிக்காதீர்கள்.

வேகமணி, 10.36
மோட்டார் சைக்கிளுக்குத் தனித் தடம் போட்டிருக்கிறார்கள். நமக்கு மட்டும் ஏன் இல்லை? அதை யாரும் கேட்பதில்லை.

ஃபெரிப்பைத்தியம், 10.41
கேட்பது நியாயம், மூன்று மணிக்கு ஓட்டுவது முட்டாள்தனம். இரண்டும் வேறு வேறு. 1985இல் பாலம் திறக்கும்வரை எல்லாரும் கடலில்தான் போனோம், யாரும் தேய்ந்து போகவில்லை.

பழையசங்கிலி, 10.44
24 கிலோமீட்டர் இரண்டாவது பாலத்தையும் இழுத்துக்கொண்டு வாருங்கள், அதுதான் பாக்கி. கேள்வி கேட்டவர் ஓடிவிட்டார், பாருங்கள்.

இரட்டைப்பை, 10.50
ஓடவில்லை, ரயிலில் இருப்பார். ரிம் பிரேக்கா டிஸ்க்கா என்று நானும் கேட்க மறந்துவிட்டேன். டிஸ்க் என்றால் சக்கரத்தைக் கழற்றியபின் பிரேக் கைப்பிடியை அழுத்திவிடாதீர்கள் அக்கா, பிரேக் பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

செந்தூல்காரன், மாலை 6.15
அக்கா, என்னாச்சு?

மழைக்கோட்டு, மறுநாள் காலை 8.05
மன்னிக்கவும், போன் செத்துவிட்டது. 16 கம்பியும் மாற்றியாச்சு, கூலியோடு 95 வெள்ளி (ரிங்கிட்). கட்டியவர் மீதிக் கம்பிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ‘இதில் ஸ்வெட்டர் பின்னலாம்’ என்றார். டிஸ்க்தான். கைப்பிடியை அழுத்திவிட்டேன், உங்கள் பதிலைப் பிறகுதான் பார்த்தேன். சைக்கிளை வைத்திருந்த கடைக்காரர் ஸ்குரூ டிரைவரால் விரித்துக் கொடுத்தார்.

ஒரு நாள் போய்விட்டது. ஜொகூர் பாரு இனி இல்லை, கோலாலம்பூரோடு நிறுத்திக்கொள்கிறேன். கூடாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டேன், ஒரு பை முன்னால் வந்துவிட்டது. புக்கிட் பெராப்பிட் ஏற்றமும் வேண்டாம். சங்காட் ஜெரிங்கில் திரும்பி பெருவாஸ், சித்தியவான், தெலுக் இந்தான், சபாக் பெர்ணம் வழியாகக் கரையோரமாக இறங்குகிறேன். அந்த வழியில் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள், தெலுக் இந்தானில் மலிவாகத் தங்க இடம் உண்டா?

பழையசங்கிலி, 8.20
அதைத் தனி இழையாகப் போடவும்.

தோட்டத்துப்பிள்ளை, 8.22
அக்கா, தெலுக் இந்தானில் எங்கள் சித்தி வீடு இருக்கிறது. கேட்டுச் சொல்லவா?