மஞ்சள் தாட்பூட் (பேஷன் ஃப்ரூட்): பூ கொட்டுது, பிஞ்சு நிக்கல

கோவை, மாடித்தோட்டம்

பந்தல் முழுக்கப் பூத்தும் ஒரு பிஞ்சுகூட நிக்கலைன்னா, உடனே உரத்தைச் சந்தேகப்படாதீங்க. தோல் ஊதாவா இருக்கிற ரகம் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். மஞ்சள் ரகம் அப்படிக் காய்க்காது; வேற விதையில் வந்த இன்னொரு மஞ்சள் கொடி பக்கத்தில் வேணும். ஒரே கொடியில் வெட்டி எடுத்த குச்சி பத்து நட்டாலும், அது ஒரு கொடிக்குச் சமம்தான். வெவ்வேறு ஊர்ப் பழத்து விதை ரெண்டு போடுங்க.

மஞ்சள் ரகத்துப் பூ மதியம் விரியும், ராத்திரி மூடும். விரிஞ்சதும் தொட வேண்டாம். நடுவில் மூணு சூல்முடி (மகரந்தத்தை வாங்குற முனை) நிமிர்ந்து நிக்கும். ஒரு மணி நேரத்தில் வளைஞ்சு, அஞ்சு மகரந்தப் பை இருக்கிற மட்டத்துக்கு இறங்கும். அப்போ முதல் கொடிப் பூவில் ஒரு பையைக் கிள்ளி, அடிப்பக்கத்து மஞ்சள் மாவை ரெண்டாவது கொடிப் பூவின் மூணு முடியிலும் தடவுங்க. கடைசிவரை முடி வளையாத பூக்களும் உண்டு. அதுல காய் பிடிக்காது. தடவின ரெண்டு மணி நேரத்துக்குள் மழை பெய்தா மகரந்தம் வெடிச்சு வீணாயிடும்.

தாண்டிக்குடி

கோவை அண்ணா சொன்னதோட ஒண்ணு: மஞ்சளுக்குத் துணையா ஊதாவை நம்பாதீங்க. ஊதாப் பூ விடியலில் விரிஞ்சு மதியத்தோட மூடிடும், நேரமே ஒத்துப்போகாது.

தேனீ சின்னது. மகரந்தத்தை வாரிக்கிட்டுப் போகும், முடியில் உரசாது. மரம் துளைக்கிற பெரிய கருவண்டு நுழைஞ்சாதான் முதுகு முடியில் படும். அது குடியிருக்கக் காய்ஞ்ச மூங்கில், பட்ட கட்டை நாலு பந்தலோரம் கட்டி வைங்க. மருந்து அடிக்கணும்னா பூ மூடின பிறகுதான்.

பூ புதுத் தளிரில்தான் வரும். அறுவடை முடிஞ்சதும் தொங்குற பக்கக் கிளைகளை நாலஞ்சு கணு விட்டு வெட்டுங்க. தடித்த முதிர்ந்த தண்டில் கை வைக்காதீங்க, காய்ஞ்சு போகும். யூரியா கூடினா இலைதான் மிஞ்சும்.

மதுரை

கடும் வெயிலில் பூ குறையும், பயப்பட வேண்டாம். வேர் மேலாக ஓடுறதால மூடாக்கு (காய்ஞ்ச இலை, வைக்கோல் பரப்புறது) அவசியம், ஆனா தண்டின் அடியை ஒட்டிப் போடாதீங்க. தண்ணி தேங்கினா மண்ணை ஒட்டின தண்டுக் கழுத்து அழுகி, ஒரே வாரத்தில் கொடி முழுக்க வாடிடும். பிஞ்சு பிடிச்சு 60 முதல் 80 நாளில் பழுக்கும். பறிக்காதீங்க, தானா உதிர்றதை தினமும் பொறுக்குங்க.