கப்பித் தொட்டியில் பிஎச் 5.8

60 லிட்டர் தொட்டி, 12 கப்பி மீன். வீட்டு ஆர்ஓ தண்ணீர் மட்டும்தான். ஒரே மாதத்தில் பிஎச் (குறையக் குறைய தண்ணீரில் அமிலம் கூடுதல்) 7-லிருந்து 5.8 ஆகிவிட்டது. எல்லாம் வாலை ஒடுக்கி மூலையில் கிடக்கின்றன, பார்க்கவே மனசு தாங்கலை.

பதில்: கேஎச் (தண்ணீரில் உள்ள கார்பனேட் அளவு) எவ்வளவு?

கேட்டவர்: டெஸ்ட் கிட் மருந்து முதல் சொட்டு விட்டதுமே தண்ணீர் மஞ்சளாகிடுச்சு.

பதில்: அப்ப அமிலத்தைத் தாங்க கார்பனேட்டே இல்லைங்க. முதல்ல அம்மோனியா பாருங்க. பிஎச் ஏறினா அது நஞ்சாகும். இருந்தா தண்ணீர் மாத்திட்டுதான் மற்றது. பிறகு அரை டீஸ்பூன் சமையல் சோடாவைக் கரைத்து, ரெண்டு நாளாப் பிரிச்சு ஊத்துங்க. கேஎச் 1 டிகிரிக்குச் சற்று மேல ஏறும்.

இன்னொருவர்: நிரந்தரத்துக்குக் கழுவின கிளிஞ்சல் ஒரு கைப்பிடி, துணிப்பையில் கட்டி ஃபில்டருக்குள். என் தொட்டியில் அதுதான். ஆர்ஓவோடு போர் தண்ணீரும் கலந்துக்குங்க.